மூன்றாம் கியர்

வட வேல்ஸில், பெதஸ்தா ஊருக்கு மேலே,
பெட்ரோல் நிலையத்தின் பின்புறம்,
காற்றடிக்கும் எந்திரத்துக்கும் கழிவறைச் சுவருக்கும் நடுவில்
ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பதினோரு கார்கள்.
பெய்வதா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுக்காத மழை.

கெத்தின் கடிதத்தை வாசித்தான்.
கம்பெனி அனுப்பியது, பளபளக்கும் தாள்.
‘வாடிக்கையாளர் விருப்பங்கள் மாறிவருவதால்’ என்று தொடங்கி
‘நம் பயணம் தொடரும்’ என்று முடிந்தது.
நடுவில் ஓரிடத்தில்,
கல்யாணப் பத்திரிகைக்குள் இழவுச் சேதியை மடித்து வைத்ததுபோல,
அந்தச் சின்னக் காரை
இனிச் செய்யப்போவதில்லை என்றிருந்தது.

மூன்று கதவு.
எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.
ஆறு கியரில் மூன்றாவதை மனதில் வைத்துத்தான்
இந்த மலைச்சாலையையே போட்டார்களோ என்று தோன்றும்.
வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் ஒன்று
கம்பத்தைக் கண்ட நாயின் காலாகத் தூக்கும்.
அதைப் படம்பிடிக்கவென்றே
புதரில் படுத்துச் சளி பிடித்தவர்கள் நாங்கள்.

பதிலுக்கு வரப்போவதன் படமும் தாளில் இருந்தது.
உயரம், உப்பல்,
மூட்டைக்கு ஷூ மாட்டிய தோற்றம்.
பின்னால் ‘ஸ்போர்ட்’ என்று எழுதியிருந்தது.
“எழுதித்தானே ஆகணும், பார்த்தால் தெரியாதே”
என்றாள் ஷோனெட்.

மைரிக் கம்பெனித் தொப்பியைக் கழற்றிக்
குப்பைத்தொட்டியில் வீசினான்.
பன்னிரண்டு வருஷத் தொப்பி.
ஆடுகளுக்கு மருந்தூற்றும்போதும் அதுதான் தலையில்.
மழை வலுத்ததும்
போய் எடுத்துக்கொண்டான்.

எம்லின் மனு ஒன்று எழுதலாம் என்றான்.
நாலாயிரம் கையெழுத்து, நாடு முழுக்க,
தலைமையகத்தின் வாசலில் ஹாரன் அடித்தபடி கொடுக்கலாம்.
எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.
கணக்கர்களைத் திட்டினோம். புகைச் சட்டத்தைத் திட்டினோம்.
உயரத்தில் உட்கார ஆசைப்படும் அண்டைவீட்டாரை,
அவர்கள் முழங்காலை, முதுகுவலியைக்கூட விடவில்லை.

ஷோனெட் ஒரு பட்டறையின் வரவுசெலவு பார்க்கிறவள்.
“ஒன்று கேட்கிறேன்.
இதைப் புதிதாக வாங்கியவர் யார்?
ஷோரூமில். முழு விலைக்கு.”

காற்றடிக்கும் எந்திரம் தானாக ஒருமுறை சீறியது.

கெத்தினுடையது மூன்றாம் கை.
மைரிக்குக்கு மைத்துனியின் விவாகரத்தில் கிடைத்தது.
எம்லினுடையது இரண்டு விபத்துக்காரின் பாதிகள்.
தன் இருக்கையில் இன்னும்
யார் வீட்டு நாயின் முடியோ இருக்கிறது என்றாள் ஷோனெட்.
நான்?
யாராவது முதலில் வாங்கட்டும், ஓட்டித் தேய்க்கட்டும்,
விலை இறங்கட்டும் என்று
மூன்று வருஷம் காத்திருந்து வாங்கினேன்.
நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த அந்த யாராவது
வாங்குவதை நிறுத்தியிருக்கிறார்.

அப்போதுதான் உள்ளே திரும்பியது ஒரு சிவப்பு.
இந்த வருஷத்துப் பதிவெண்.
இறங்கியவள் நெரிஸ், வீடு வீடாகப் போகும் செவிலி,
நீலச் சீருடை, கையில் பாதி கடித்த ரொட்டி.
பதினோரு பேர் பார்ப்பதைக் கண்டு
“வழியில் நிறுத்திவிட்டேனோ” என்றாள்.

“புதிதாகவா வாங்கினீர்கள்?” மைரிக்கின் குரல் இறங்கியிருந்தது.

“ஆமாம். அகலம் குறைவு, பண்ணைச் சந்துகளில் நுழையும்.
மஞ்சள் கேட்டேன், இல்லையென்றார்கள்.
சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.
குறைக்க வழி இருக்கிறதா?”

யாரும் வாய் திறக்கவில்லை.
எம்லின் மட்டும் ஈரத் தரையில் மண்டியிட்டு
நான்கு டயருக்கும் அவனே காற்றடித்தான்.
மேல்பண்ணையில் எட்டு மணிக்கு
ஒரு கால்புண்ணுக்குக் கட்டு மாற்றவேண்டுமாம். கிளம்பினாள்.

மாட்டுத் தடுப்புக் கம்பிகளின் மேல் தடதடப்பு.
இரண்டாம் கியர்.
பிறகு கற்பலகைக் குவியல்களுக்குப் பின்னால்
மூன்று, நீளமாக, விடாமல்,
நாங்கள் பிரேக்கைத் தொடும் வளைவிலும் விடாமல்.
வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தோம்
மலை அதை முழுதாக விழுங்கும் வரை.

மனுவை எதில் எழுதுவது என்று
கெத்தின் கடிதத்தைத் திருப்பினான்.
வெற்றுப் பின்பக்கத்தில், கிரீஸ் விரல்தடத்தோடு,
எம்லினின் கிறுக்கல் ஏற்கெனவே இருந்தது:
முன்னால் முப்பத்துநான்கு,
பின்னால் முப்பத்திரண்டு.